பதினேழாம் நம்பர்

ஐப்பசி மழை, இலுப்பூர் பஸ் ஸ்டாண்டில் சொல்லாமல் கொள்ளாமல் இறங்கியது.

இருளாயியிடம் குடை இல்லை. மார்போடு அணைத்துப் பிடித்த துணி மூட்டைதான் இருந்தது. உள்ளே ஆரோக்கியம்மாள் டீச்சரின் ஆறு ரவிக்கைத் துணிகள்... நனைந்தால் ஒன்றின் சாயம் இன்னொன்றில் ஏறிவிடும். ஓடிப்போய் மிட்டாய்க்கடைத் தகரத்துக்கு அடியில் ஒதுங்கினாள்.

அங்கே ஏற்கெனவே பத்துப் பதினைந்து பேர் நெருக்கியடித்து நின்றார்கள். ஓரத்தில் ஒருவன். அவனிடம் குடை இருந்தது. ஆனால் அதை விரித்துக் காலடியில் இருந்த மரப்பெட்டிக்கு மேல் பிடித்துக்கொண்டு, தான் மட்டும் தொப்பலாய் நனைந்துகொண்டிருந்தான்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பெட்டிக்குச் சளி பிடிச்சிருமாக்கும்..." வாய்க்குள் சொன்னதாகத்தான் நினைத்தாள்.

அவன் திரும்பினான். "உள்ள ஐஸ் இருக்குங்க. கரைஞ்சா என் வேலை போயிரும்."

"நீங்க கரைஞ்சா?"

"அதுக்கு சர்க்கார் கவலைப்படாதுங்க."

அப்போதுதான் இருவர் கண்களும் நேருக்கு நேர் சந்தித்தன. மழைத்துளி இமையில் தொங்கிக்கொண்டிருக்க, அதைத் துடைக்கக்கூட மறந்து அவளையே பார்த்த கண்கள்... இருளாயி சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். இருபத்து மூன்று வயதில் நெஞ்சு இப்படி அடித்துக்கொள்வது அவளுக்குப் புதுசு. மறைக்க ஏதாவது செய்ய வேண்டுமே! ஈரத்தில் ஊறிக் கனத்திருந்த ரவிக்கையின் முழுக்கையை மேலே சுருட்டிப் பிழிந்தாள்.

அவன் பார்வை அவள் முகத்தை விட்டு இறங்கியது. முழங்கைக்குக் கீழே, ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குப் பள்ளமும் சுருக்கமுமாய்க் கிடந்த தழும்பில் போய் நின்றது.

"ஏங்க, இது அடைப்பான் வந்த தழும்புதானே!"

புதையல் கண்டவன் குரல் அது. தகரத்துக்கு அடியில் நின்ற அத்தனை தலைகளும் திரும்பின. அடைப்பான்... ஆட்டுக்கு வந்தால் மூக்கில் ரத்தம் வழிந்து நின்ற இடத்திலேயே விழும். மனுஷனுக்கு வந்தால் கரி மாதிரி புண். ஒரு பெண் கைப்பிள்ளையைச் சேலைக்குள் இழுத்து மூடிக்கொண்டாள். நிற்க இடமில்லாத அந்தக் கூட்டத்தில் இருளாயியைச் சுற்றி மட்டும் ஓர் ஆள் அகலத்துக்கு இடம் விழுந்தது.

பன்னிரண்டு வருஷமாக முழுக்கைக்குள் பொத்தி வைத்திருந்தது.

"ஆமா, வந்துச்சு. எங்கப்பாவுக்கும் வந்துச்சு. அவரு செத்துட்டாரு, நான் சாகல. போதுமா? இல்ல, தமுக்கு எடுத்துட்டு வந்து அடிச்சுச் சொல்றீங்களா?"

"ஐயோ, நான் அந்த அர்த்தத்துல..."

அவள் நிற்கவில்லை. மூட்டையை இறுக்கிக்கொண்டு கொட்டுகிற மழைக்குள் இறங்கி நடந்தாள். "ஏங்க... ஏங்க..." என்று பின்னால் குரல் கேட்டது. பெட்டியை விட்டுவிட்டு அவனால் வரமுடியாது. வரவும் இல்லை.

இருளாயியின் ஊர் அன்னவாசலுக்குத் தெற்கே. செம்மறிக் கிடை வைத்திருக்கும் குடும்பம். இரண்டு முறை பெண் பார்க்க வந்தவர்கள் கையைப் பார்த்துவிட்டுக் காப்பியைக் கூடத் தொடாமல் எழுந்து போனார்கள். மூன்றாவது முறை வேண்டாம் என்று அண்ணன் ஐயனாரிடம் சொல்லிவிட்டு, தையல் படித்து, இலுப்பூருக்கு வந்து ஆரோக்கியம்மாள் டீச்சர் வீட்டு முன்னறையில் ஒரு மிஷினைப் போட்டு உட்கார்ந்தவள். ஊருக்கு அவள் தையல் தெரியும். தழும்பு தெரியாது.

இப்போது தெரிந்துவிட்டது. ஒரே வாரத்தில் நாலு பேர் துணியைத் தைக்காமலே திரும்ப வாங்கிப்போனார்கள். "அவசரமில்ல இருளாயி, அப்புறம் பாத்துக்கலாம்" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள். டீச்சர் மட்டும் உள்ளதை உள்ளபடி சொன்னார்.

"துணியில ஒட்டிக்கிட்டு வருமோன்னு பயப்படுறாங்கம்மா. நீ என் ஆறையும் தையி. ஒண்ணு மாத்தி ஒண்ணு போட்டுக்கிட்டுப் பள்ளிக்கூடம் போறேன், பாக்கட்டும்."

எட்டாம் நாள் வாசலில் நிழல் தட்டியது. நிமிர்ந்தாள். அவன்தான்.

"பேரு ஆத்மநாதன்ங்க. ஊரு ஆவுடையார்கோயில். அன்னவாசல் ரோட்டுப் பங்களாவுல டெல்லி சர்க்கார் ஆராய்ச்சி முகாம் போட்டிருக்குல்ல, அங்க லேப்புல வேலை. ஒங்கள விசாரிச்சு விசாரிச்சு... மன்னிப்புக் கேக்கலாம்னு வந்தேன்."

"கேட்டாச்சுல்ல. போயிட்டு வாங்க."

அவன் போகவில்லை. காலியாகக் கிடந்த துணிக் கொடியைப் பார்த்தான். "வேலை ஒண்ணும் இல்லீங்களா?"

"ஒங்க வாய்க்குக் கும்பிடு போடணும். நாலு பேரு துணியத் திருப்பி வாங்கிட்டுப் போயிட்டாங்க."

அவன் முகம் விழுந்துபோனது. வேஷம் இல்லை, நிஜமாகவே விழுந்தது. 

"எனக்கு ஒரு சட்டை தைக்கணும்."

"இது பொம்பளைங்க கடை."

"போர்டுல அப்படிப் போடலையே?"

"போர்டே இல்ல."

"அதத்தான் நானும் சொல்றேன்."

உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டாள். "அளவுச் சட்டையையும் துணியையும் வாசல்ல வச்சிட்டுப் போங்க. உள்ள வரவேணாம்."

தைத்தாள். தையல் என்று உட்கார்ந்தால் அவளுக்குக் கோணல் வராது. காலர் கத்தி மாதிரி நின்றது. ஆனால் கோபம் முழுக்க ஆறவில்லையே... பித்தானை மட்டும் பெண்கள் சட்டைக்கு வைப்பதுபோல இடப்பக்கம் மாற்றி வைத்தாள். போட்டுப் பார்க்கட்டும். தடவித் தடவித் திண்டாடட்டும்.

அவன் அந்தச் சட்டையோடுதான் சந்தை நாளன்று முகாம் ஜீப்பில் மைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினான்.

"அடைப்பான் வந்து பொழைச்சவங்க கிட்டயிருந்து யாருக்கும் ஒட்டாதுங்க. செத்த ஆட்டைத் தொட்டா, தோலை உரிச்சா, கறியத் தின்னாத்தான் ஆபத்து. பொழைச்சவங்க தொட்ட துணியில ஒண்ணும் வராது, சோத்துல ஒண்ணும் வராது..."

"அது சரி சார், ஒங்க சட்டையில பித்தான் ஏன் பக்கம் மாறிக் கெடக்கு?" என்றார் ஒரு வெங்காயக்காரர்.

"இருளாயி டைலர் தச்சதுங்க. ஊருல எல்லாருக்கும் ஒரு மாதிரி, எனக்கு மட்டும் தனி மாதிரி!"

மைக்கை அணைக்க மறந்துவிட்டான். சந்தையே சிரித்தது. கத்தரிக்காய்க் கடைக்குப் பின்னால் நின்றிருந்த இருளாயி முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். உள்ளே அவளும்தான் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் இரண்டு பேர் திரும்ப வந்தார்கள். மூன்றாமவர் மகளுடைய பாவாடையையும் சேர்த்துக் கொண்டுவந்தார். நாலாவது ஆள் வரவே இல்லை. போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

அவன் மறுபடி வந்தபோது இருளாயியே ஸ்டூலை வாசலுக்கு நகர்த்திப் போட்டாள். டீச்சர் உள்ளிருந்து ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

"ஒரு உதவி கேட்டு வந்திருக்கேன்," என்றான். "கோவிச்சுக்கக் கூடாது. ஒங்க ரத்தம் கொஞ்சம் வேணும்."

"சட்டை வாங்குனவரு ரத்தமும் கேக்குறீங்களா?"

அவன் சிரிக்கவில்லை. "சீனாச் சண்டைக்கு அப்புறம் டெல்லியில ஒரு பயம் வந்திருக்குங்க. நாளைக்கு எவனாவது குண்டுக்குப் பதிலா கிருமியத் தூவுனா என்ன பண்றதுன்னு. அடைப்பான் கிருமி மண்ணுல வருஷக்கணக்குல சாகாமக் கெடக்கும். மாவு மாதிரி காத்துல விட்டான்னா..."

"ஊரே போயிரும்."

"போகாம இருக்க வழி தேடுறோம். நோய் வந்து பொழைச்சவங்க ஒடம்பு அதை எப்படியோ எதுத்து நின்னுருக்கு. அதோட அடையாளம் ரத்தத்துல இருக்கா, எத்தனை வருஷம் நிக்குதுன்னு தெரிஞ்சா மத்தவங்களுக்கு மருந்து செய்ய ஒரு பிடி கிடைக்கும். இந்த வட்டாரத்துல பதினாறு பேரைக் கண்டுபிடிச்சோம், ஐஸ் பெட்டியில இருந்தது அவங்க ரத்தம்தான். அன்னைக்கு மழையில ஒங்க கையப் பாத்ததும்... மூளை கெட்டுப் போயி கத்திட்டேன்."

இருளாயி தன் கையைப் பார்த்தாள். காப்பியைத் தொடாமல் எழுந்துபோனவர்கள் நினைவுக்கு வந்தார்கள். அவர்கள் முகம் சுளித்த அதே கையைத் தேடி எங்கேயோ டெல்லியிலிருந்து ஆள் அனுப்பியிருக்கிறார்கள். வேடிக்கைதான்.

"குடுக்குறேன். என் பேரை வெளியில சொல்லக் கூடாது."

"நோட்டுல பேரே இருக்காதுங்க. நம்பர்தான். நீங்க பதினேழு."

மாதம் ஒரு முறை, முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் வருவான். ஊசியைக் கொதிக்க வைத்து எடுத்து அவள் கையைத் துடைப்பதற்குள் அவன் நெற்றியில் வியர்க்கும். அவளோ கண்ணை மூடமாட்டாள், ஊசியையும் பார்க்கமாட்டாள்.

"கை நடுங்குது பாருங்க. குத்து வாங்குறது நானு."

"மத்த பதினாறு பேருகிட்ட நடுங்கலைங்க."

"அப்ப எனக்கு மட்டும் என்னவாம்?"

"ரத்தம் குடுத்தவங்க பேசக் கூடாது. ஆரஞ்சு கொண்டாந்திருக்கேன், சாப்பிடுங்க."

ஆரஞ்சை உரித்துக்கொண்டே பேசுவார்கள். அவன் ஆவுடையார்கோயிலைப் பற்றி, கட்டுமாவடிக் கடலில் முதல்முதல் இறங்கி மூழ்கப்பார்த்ததைப் பற்றி. அவள், தன் அப்பாவைப் பற்றி. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் செத்த ஆட்டை அவர் உரித்ததையும், ஆறாம் நாள் அவர் போனதையும், தான் பிழைத்ததையும் சொன்னாள். அதில் ஒன்றை மட்டும் அவனிடமும் சொல்லவில்லை. யாரிடமும் சொன்னதில்லை.

கார்த்திகை போனது, மார்கழி போனது. தை மாதத்து ஞாயிறும் வந்துபோனது. மாசியில் வாசலில் வந்து நின்றவர் வேறு ஆள். முகாமின் தலைவர் டாக்டர் நாச்சியப்பன். திருமயம் பக்கத்துக்காரர். கண்ணாடி மூக்கு நுனியில் நிற்கும், மனசு எப்போதும் நுண்ணோக்கியில் நிற்கும்.

"அவரு... ஆத்மநாதன் சார் வரலீங்களா?"

"வரமாட்டான்மா. பதினேழாம் நம்பரை இனிமே நான் எடுக்க மாட்டேன்னு எழுதியே குடுத்துட்டான். கையை நீட்டு."

நீட்டினாள். அன்றைக்குத்தான் ஊசி வலித்தது.

எழுதியே குடுத்துட்டாராமே... வாயால் சொல்லக்கூட மனசு வரவில்லையா? வேண்டிய மட்டும் எடுத்தாகிவிட்டது. பதினேழு முடிந்தது, இனிப் பதினெட்டைத் தேடிப் போக வேண்டியதுதானே! சிரித்த சிரிப்பும், உரித்த ஆரஞ்சும் எல்லாம் அந்தக் கண்ணாடிக் குழாயை நிரப்பத்தான் போலிருக்கிறது. நான்தான் முட்டாள். நாலு வார்த்தை அன்பாகப் பேசியதும்...

மறுநாள் சாயங்காலம் அவன் வந்தான். கையில் பெட்டி இல்லை.

"இருளாயி, ஒரு விஷயம் சொல்லணும்..."

அவள் மிஷினை மிதித்தாள். கடகடவென்று அறை அதிர்ந்தது. ஊசியில் நூல்கூடக் கோர்த்திருக்கவில்லை. அவன் ஏதோ சொன்னான். அவள் இன்னும் வேகமாக மிதித்தாள். நிறுத்தினால் அழுதுவிடுவோம் என்று அவளுக்குத் தெரியும். அவன் தலையைக் குனிந்துகொண்டு போனான். வெறும் துணியில் வரிசை வரிசையாக ஓட்டைகள் விழுந்திருந்தன.

நாலாம் நாள் காலை அன்னவாசல் பஸ் கண்டக்டர் ஓடி வந்தார்.

"இருளாயி, ஒங்க அண்ணன் கிடையில எட்டு உருப்படி செத்துப்போச்சு. முகாம்காரங்க போயிருக்காங்க. ஒங்க அண்ணன் கத்தியோட நிக்கிறாரு. தோலை உரிக்காம விடமாட்டேங்கிறாரு. சீக்கிரம் ஏறு!"

பஸ்ஸில் ஏறினாள். எட்டு மைல் எண்பது மைலாய் நீண்டது.

கிடைக்கு வெளியே, தரிசில், எட்டு ஆடுகளும் வயிறு உப்பிக் கிடந்தன. மூக்கில் ரத்தம். உறையாத கருத்த ரத்தம். ஐயனார் தலைப்பாகையை இறுக்கிக் கட்டிக்கொண்டு கையில் கத்தியோடு நின்றான். அவனுக்கும் ஆட்டுக்கும் நடுவில், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஆத்மநாதன். பக்கத்தில் சுண்ணாம்பு மூட்டைகள். ஜீப்புக்கு அருகே டாக்டர் நாச்சியப்பன் செய்வதறியாமல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தள்ளு! எட்டு உசிரு போச்சு. தோலையாவது எடுத்துக்கிறேன். ஒங்க சர்க்காரா எனக்கு ஆடு தரப்போகுது?"

"தள்ள மாட்டேங்க. வெட்டுறதுன்னா என்னைய வெட்டிட்டு அப்புறம் ஆட்டை வெட்டுங்க."

"அண்ணே!"

இருவரும் திரும்பினார்கள். இருளாயி நேராக நடந்து வந்தாள். வந்து நின்று, அத்தனை பேர் முன்னாலும் ரவிக்கையின் வலக்கையை முழங்கைக்கு மேல் சுருட்டினாள்.

"இது எப்படி வந்துச்சுன்னு ஒனக்குத் தெரியுமாண்ணே?"

"அப்பனுக்கு வந்துச்சு... ஒட்டிக்கிச்சு..."

"நீ அன்னைக்கு மேக்கால கிடைக்குப் போயிருந்த. அப்பன் உரிக்கையில ஆட்டுக்காலப் பிடிச்சுக்கிட்டு நின்னது நான்தான். 'கெட்டியாப் பிடி புள்ள'ன்னு சொல்லிச்சு. பிடிச்சேன். நான் பிடிக்கலேன்னா அப்பன் ஒத்தையில உரிச்சிருக்காது, விட்டிருக்கும். பன்னெண்டு வருஷமா இதை முழுங்கிக்கிட்டே இருக்கேன்." குரல் உடைந்தது. "இப்ப நீ உரி. காலப் பிடிக்க நான் வாரேன்."

ஐயனார் கையிலிருந்து கத்தி நழுவி மண்ணில் குத்திட்டு நின்றது. அந்த முரட்டு மனுஷன் தங்கச்சியின் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, "அடி கிறுக்கி... நீ சின்னப் புள்ளடி... ஒன் மேல என்னடி தப்பு..." என்று வாய்விட்டு அழுதான்.

அப்புறம் வேலை நடந்தது. ஆள் ஆழத்துக்கு மேல் குழி வெட்டி, எட்டையும் உள்ளே தள்ளி, சுண்ணாம்பைக் கொட்டி, அவை கிடந்த இடத்து மண்ணையும் சுரண்டிப் போட்டு மூடினார்கள். மிச்சமிருந்த எழுபது ஆடுகளை ஐயனாரே ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொடுக்க, ஆத்மநாதன் தடுப்பூசி போட்டான். டாக்டர் ஜீப்பில் போய் உட்கார்ந்து எழுத ஆரம்பித்துவிட்டார். கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி முடித்தபோது வெயில் சாய்ந்திருந்தது.

ஐயனார் முண்டாசை அவிழ்த்து முகம் துடைத்துக்கொண்டான். "ஏன் தம்பி, நான் கோவக்காரன். கத்திய வீசியிருந்தா என்ன ஆயிருக்கும்? சர்க்கார் சம்பளத்துக்கா குறுக்க நின்னீங்க?"

"சம்பளத்துக்கு இல்லீங்க. இவங்க அண்ணனுக்கு ஒண்ணு ஆயிரக் கூடாதேன்னு நின்னேன்."

"இவங்கன்னா? என் தங்கச்சிக்கும் ஒங்களுக்கும் என்ன?"

ஆத்மநாதன் ஐயனாரை நேராகப் பார்த்தான். "எனக்கு இவங்களக் கட்டிக்கணும்னு ஆசைங்க. இவங்க மனசுல என்ன இருக்குன்னு தெரியல. கேக்கத்தான் போனேன்... மிஷின் சத்தத்துல என் பேச்சு எடுபடல."

ஐயனார் அவனைப் பார்த்தான். தங்கையைப் பார்த்தான். அவள் காது நுனிவரைக்கும் சிவந்து நின்றாள். "ஆட்டுக்குத் தண்ணி காட்டணும்" என்று யாருக்கோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டு அங்கிட்டு நகர்ந்தான்.

 மண்ணைப் பார்த்தபடியே இருளாயிதான் முதலில் பேசினாள்.

"பதினேழாம் நம்பரை எடுக்க மாட்டேன்னு எழுதிக் குடுத்தீங்களாமே?"

"ஆமாங்க."

"ஏன்?"

"ஊசியோட வந்தா அது சர்க்கார் வேலை. நான் என்ன பேசினாலும் ரத்தத்துக்குத்தான் பேசுறேன்னு ஒங்களுக்குத் தோணும்ல? வேலைய டாக்டர் கிட்ட விட்டுட்டு வெறுங்கையோட வரணும்னு நினைச்சேன். அந்தாளு அதைப் பாதி மட்டும் சொல்லியிருக்காரு."

சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஏதோ ஒன்று அவள் நெஞ்சிலிருந்து கிளம்பி வந்தது. இந்த மனுஷனையா... இந்த மனுஷனையா நான் மிஷினை மிதித்து விரட்டினேன்?

"ஒங்க வீட்டுல ஒத்துக்குவாங்களா? நாங்க கிடை போடுறவங்க."

"மொதல்ல கத்துவாங்க. எங்க ஆத்தா ரெண்டு நாள் சாப்பிடாது. எங்க அக்காகிட்ட பொங்கலுக்கே சொல்லிட்டேன், அது நம்ம பக்கம். மத்தவங்களுக்கு நாளாகும்... ஆகட்டும். எத்தனை தடவை வேணும்னாலும் போய்ப் பேசுறேன்."

"எல்லாம் சரி. எங்க அண்ணன்கிட்ட சொன்னீங்க. ஒங்க அக்காகிட்ட சொன்னீங்க. என்கிட்ட இன்னும் கேக்கலையே?"

அவன் திகைத்துப் போனான். கழுவிய கையை மறுபடியும் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"இருளாயி... என்னைக் கட்டிக்க ஒங்களுக்குச் சம்மதமா?"

அவள் நிமிர்ந்தாள். மாசி வெயில் கண்ணில் விழ, கூசாமல் அவனை நேராகப் பார்த்தாள்.

"மாசாமாசம் நீங்க வர்ற ஞாயித்துக்கிழமைக்கு மட்டும்தான் தலையில பூ வச்சிருந்தேன். மத்த நாள்ல ஒருநாளும் வச்சதில்ல. கண்ணுக்குத் தெரியாத கிருமியெல்லாம் பாக்குறீங்க... அது மட்டும் தெரியலையா சார் ஒங்களுக்கு?"

 கிடைப்பக்கம் போன ஐயனார், காலித் தொட்டிக்கு முன்னால் முதுகைக் காட்டி நின்றுகொண்டு தோள் குலுங்கச் சிரிப்பது தெரிந்தது.

"சம்மதம்ங்க," என்றாள் இருளாயி.